லைனிங் தோலில் தைத்த பட்டாணி

நான் என்னென்ன கட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. எங்கள் தெருவில் ஓலை இல்லாத முதல் கூரை என்னுடையது. ஆம்பூரில் பாறை என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தேன். இரண்டு பெண்களையும் ஒரு மகனையும் கல்லூரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற யூனிட் ஒன்றை, இருபத்து நாலு பெண்கள் உட்கார்ந்து தைக்கிற அளவுக்கு, ஒரு மாட்டுக்கொட்டகையிலிருந்து எழுப்பினேன். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி, கால் வெந்து, பிறகு தோலைச் சுழற்றுகிற டிரம்முக்குப் போய், அங்கிருந்து தரம் பிரிக்கிற செலக்‌ஷன் மேஜைக்கு ஏறினேன். எங்கள் ஆட்கள் ஈரத்தோலைத் தூக்கலாம், காய்ந்த தோலைத் தொட்டுத் தரம் சொல்லக் கூடாது என்றிருந்த காலம். என் விரல்கள் சொன்ன தரத்தை மெட்ராஸிலிருந்து வந்த ஏஜெண்ட் மாற்றிச் சொன்னதில்லை. வாணியம்பாடியிலிருந்து என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள்.

இவற்றில் எதற்கும் யாரும் எனக்குச் சான்று தர வேண்டாம். கட்டியது நிற்கிறது, பார்த்துக்கொள்ளலாம். சான்று வேண்டியது இன்னொன்றுக்கு. அது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னப் பொருள். அதைச் சொல்ல என் மனைவியின் உடம்பைப் பற்றி எழுத வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள் அவள். என் எழுத்துப் பிழைகளை எதிரில் உட்கார்ந்து அவளே திருத்துகிறாள்.

தோல் பார்ப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முடிந்த தோல் மேஜைக்கு வந்ததும், கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் பார்த்துவிட வேண்டும். உண்ணி கடித்த இடம், பூச்சி துளைத்த இடம், உள்ளே முடிச்சு விழுந்த இடம் எல்லாம் விரலுக்குத் தெரியும். பார்த்து முடித்ததும் சதைப் பக்கத்தில் சாக்பீஸால் நம்பர் போடுவோம். ஒன்று, இரண்டு, மூன்று. எதற்கும் ஆகாததற்கு ‘ஆர்’. ஆர் என்றால் ரிஜெக்ட். அதை மூலையில் வீசிவிடுவோம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் லாரி ஏற வேண்டிய தோல் கட்டு ஒன்றை முதலாளி என் வீட்டுக்கே அனுப்பியிருந்தார். கூடத்தில் பாய் விரித்து, மத்தியான வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, உள்ள முடிச்சு இருக்குதுன்னு எப்டிங்க கண்டுபுடிக்கிறீங்க?”

கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“விரல் நுனியால குத்தக் கூடாதுமே. நுனி பொய் சொல்லும். நடு மூணு விரலையும் படுக்க வெச்சி, வட்ட வட்டமா வரணும். மொதல்ல லேசா, அப்பறம் கொஞ்சம் அழுத்தி, அப்பறம் நல்லா அழுத்தி. ஒரு இடம் வுடக் கூடாது. ஓரத்தையும் வுடக் கூடாது. ஓரத்துலதான் ஒளிஞ்சிக்கினு இருக்கும்.”

“முடிச்சு அசைஞ்சா?”

“கொழுப்பு. மெஷின்ல சீவினா போய்டும்.”

“அசையலன்னா?”

“அசையாம, மேல் முகத்த உள்ள இழுத்து, குழி வுழுந்தா மாதிரி இருந்திச்சின்னா, முடிஞ்சுது. அதுக்கு எந்த மருந்தும் கெடையாது. ஆர் போட்டு மூலையில கடாசிடுவேன்.”

“வலியே இல்லாத முடிச்சா இருந்தா?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “செத்த மாட்டுத் தோலுக்கு இன்னாமே வலி?”

அவளும் சிரித்தாள். அது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. பிறகு அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு, நறுக்கிய காயை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் பேசி முடித்திருக்கவில்லை. அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தி, ஒருமுறை நான் போட்ட ஆரைப் பார்த்து ஏஜெண்ட் எப்படி வாயடைத்துப் போனான் என்பதையும் சொன்னேன்.

அவள் மாட்டுத் தோலைப் பற்றிக் கேட்கவில்லை. அவளுடைய இடது மார்பில், அக்குளுக்குப் போகிற பக்கமாக, ஒரு கட்டி இருந்தது. குளிக்கும்போது சோப்புக் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல், விரலால் பிழைக்கிற புருஷனிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். நான் பதில் சொன்னேன்.

அதற்கப்புறம் ஏழு வாரம் போயிற்று. இப்போது நினைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் கண்ணில் குத்துகிறது. பதினோரு வயதான மூத்தவளுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஒருமுறை சொல்லி விட்டுவிடவில்லை, புளி அளவிலிருந்து திரும்பத் திரும்ப. கல்யாணப் புடவையை எடுத்து வெயிலில் உலர்த்தி, மடித்து, எங்களோடு இருந்த என் அக்காவிடம் கொடுத்து வைத்தாள். மூன்று வயதுக் கடைக்குட்டி தானாக நடந்து போகிறவன், அவனைத் தூக்கி இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். எனக்குப் பட்டது வேறொன்று. அவள் தலையில் பூ இல்லை. ஆனால் பக்கத்தில் வந்தால் மல்லிகை வாசனை.

ஒருநாள் காலை குப்பைக்கூடையில் பழுப்பேறிய மல்லிகைச் சரம் கிடந்தது. வெள்ளைத் துணிப்பட்டை ஒன்றில் வைத்துத் தைத்திருந்தது. அக்காவைக் கேட்டேன்.

“ஆம்பளைக்கு இன்னாடா இதெல்லாம்?”

“சொல்லுக்கா.”

“மார்ல பால் கட்டிக்கினு இருக்குது. பூ வெச்சிக் கட்டினா கரைஞ்சிடும். ஊர்ல எல்லாம் பண்றதுதான்.”

புள்ளைக்குப் பால் மறக்கடிக்கும்போது மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் கணக்கு இடித்தது.

“பால் மறந்து ஒண்ணரை வருஷம் ஆச்சேக்கா?”

“பழைய பாலு. தங்கிடுச்சி.”

“வலிக்குதுன்றாளா?”

“வலி இல்லடா. அதான் பயம் இல்லன்றேன்.”

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். வலித்தால்தான் வியாதி என்று அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்தது. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். “இன்னாமே அது? எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் துணியைப் பிழிந்தாள். உதறினாள். கொடியில் போட்டாள். பிறகு, காய் விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

“கேட்டேனே. நீங்கதான் சொன்னீங்க. மூணு விரல வெச்சி நீங்க சொன்னா மாதிரியே பார்த்தேன். அசையல. குழி வுழுந்திருக்குது. ஆருதான்.”

அவள்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உட்காருங்க, உட்காருங்க” என்று துவைக்கிற கல்லைக் காட்டினாள். ஈரக்கையால் என் நெற்றியைத் துடைத்தாள். அவளுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில், அவள் எனக்குச் சொன்னாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வேலூர். வாசலில் அக்கா கையை விரித்து மறித்தாள்: “அங்க போனா அறுத்துடுவாங்கடா!” அக்காவின் கையைத் தாழ்த்திவிட்டு நடந்தோம். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். பள்ளிகொண்டா தாண்டியதும் கேட்டாள், “நீங்க இன்னிக்கு வேலைக்குப் போவலன்னா மேஜையில யாரு நிப்பாங்க?” “எவனாவது நிப்பான்” என்றேன். என் மேஜையைப் பற்றி நான் அப்படிச் சொன்னதைக் கேட்டு அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் விசாரித்தது ஒரு நர்ஸம்மா. எங்கள் வயதுதான் இருக்கும், வேலூர்க்காரர், தெளிவான பேச்சு. எப்போது தெரிந்தது என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன்.

“தெரிஞ்சது அவளுக்கு, சிஸ்டர். ஏழு வாரத்துக்கு முன்னாடி எங்கிட்ட கேட்டா. நான் தெரியாம ரிஜெக்ட் பண்ணிட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை. தோலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மேஜை மேல் மூன்று விரலைப் படுக்க வைத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விரல் பாடம் ரொம்ப சரிங்க. நாங்க சொல்லிக் குடுக்கறதும் இதேதான். தீர்ப்புதான் தப்பு. கட்டி எல்லாம் கேன்சர் இல்ல. பாதிக்கு மேல சாதாரணக் கட்டிதான். ஆனா கையால பார்த்து யாரும் முடிவு பண்ணக் கூடாது. நீங்களும் கூடாது, நானும் கூடாது. சோதிச்சுதான் சொல்லணும். கேன்சராவே இருந்தாலும் சீக்கிரம் வந்தா செய்யறதுக்கு நிறைய இருக்கு. வலிக்கலையேன்னு வீட்ல உட்கார்ந்திருக்கறதுதான் பேஜாரு.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “மல்லிப்பூவ தலையில வெச்சிக்கோங்கம்மா. உங்களுக்கு நல்லா இருக்கும்.”

சோதித்தார்கள். கேன்சர்தான். இடது மார்பை எடுத்தார்கள். பிறகு தினமும் கரண்ட் வைத்தார்கள். எங்கள் ஊரில் கதிர் வைத்தியத்துக்கு அதுதான் பெயர். ஏழு வாரம் முன்னால் வந்திருந்தால் மார்பு மிஞ்சியிருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். “அதை இனிமே யாராலும் சொல்ல முடியாது. வந்தீங்களே, அதைப் பாருங்க” என்றார். நான் இரண்டையும் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இடது கை தூக்க வரவில்லை. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு மாதிரி மேலே மேலே ஏற வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அவள் ஏறுவாள். நான் பின்னால் நின்று, விரல் எட்டின இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவேன். ஒரு நாளைக்கு அரை அங்குலம் கூடும், மறுநாள் அதுவும் இறங்கிவிடும். கதவு நிலைக்கு மேலே எட்டிய அன்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்:

“இப்ப எனக்கு இன்னா நம்பர் போடுவீங்க?”

“ஒண்ணு.”

“ஒரு பக்கமே இல்லாததுக்கு எவன் ஒண்ணாம் நம்பர் போடுவான்?”

“செலக்டர் யாரு, நானா நீயா? நான் போட்டா போட்டதுதான்.” சுவரில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்று என்று போட்டேன். எத்தனையோ முறை வெள்ளையடித்தாயிற்று, அந்தச் சுவரை மட்டும் அடிக்க நான் விடுவதில்லை.

ரவிக்கை ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. அவள் வெளியே போவதை நிறுத்திவிட்டாள். துணி அடைத்துப் பார்த்தாள், நடந்தால் நகர்ந்தது. நான் ஷூவுக்குள்ளே போடுகிற லைனிங் தோலில், ஆட்டுத்தோல், இருப்பதிலேயே மிருதுவானது, ஒன்று வெட்டினேன். இலவம்பஞ்சு அடைத்து, எடைக்கு அடியில் கொஞ்சம் கடுகு சேர்த்து, வியர்வை பிடிக்க மல் துணி உறை போட்டுத் தைத்தேன். பிற்பாடு ஷூவும் தைத்த இந்தக் கையால் நான் தைத்ததிலேயே அதுதான் நல்ல தையல். அவள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். சாயந்திரம் மார்க்கெட்டுக்குப் போய்த் தக்காளி வாங்கி வந்தாள்.

அடுத்த முறை காட்டப் போனபோது நர்ஸம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் தைத்தது என்று கேட்டார். சொன்னேன். அங்கிருந்துதான் இந்த விஷயம் ஆரம்பிக்கிறது.

எண்பதுகளின் நடுவில் என் யூனிட் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு புதன்கிழமை நர்ஸம்மா வந்து எங்கள் பெண்களிடம் பேசினார். ஆண்கள் எல்லாம் வெளியே. நானும் வெளியே, என் சொந்த ஷெட்டுக்கு வெளியே. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. அவர் போன பிறகு என் மனைவி சொன்னாள்:

“ஒருத்தியும் கேக்கல. முந்தானைய வாயில வெச்சிக்கினு சிரிக்கிறாளுங்க. கையத் தன் மேல வெக்கறதுக்கே வெக்கம்.”

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது என்று எழுதியிருந்தேன். எதிரில் இருப்பவள் அதை அடித்துவிட்டாள். யோசனை அவளுடையதாம். சரி. “எனக்குத் தெச்சீங்களே, அதே மாதிரி ஒண்ணு தைங்க. உள்ள கட்டி மாதிரி ஒண்ணு வெச்சித் தைங்க. தோலுன்னா தொடுவாளுங்க” என்றது அவள்தான். ஆனால் தைத்தது யார்?

முதலில் புளியங்கொட்டை வைத்துத் தைத்தேன். அவள் கண்ணை மூடி, மூன்று விரலைப் படுக்க வைத்துப் பார்த்தாள்.

“இவ்ளோ வழுவழுன்னு இருக்காது. ஆர்.”

வேர்க்கடலை வைத்தேன். “இடம் தப்பு. இன்னும் மேல, அக்குள் பக்கம். ஆர்.”

“இன்னாமே, வேணும்னே பண்றியா?”

“செலக்டர் யாரு, நீங்களா நானா?”

என் வாழ்நாளில் என் சரக்கை அப்படித் திருப்பி அடித்தவர்கள் இல்லை. நாலாவதில் காய்ந்த பட்டாணி ஒன்றை அடித்தோலோடு சேர்த்து அசையாமல் தைத்தேன். இன்னொன்றை மெழுகில் உருட்டி, அசைகிற மாதிரி விட்டேன். அவள் விரல் வட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில் நின்றது. அவளுக்கு முகம் மாறிப்போனது. கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது, பிடுங்கிவிடலாமா என்று பார்த்தேன்.

“இதான்” என்றாள். “இப்டித்தான் இருந்திச்சி.”

அடுத்த புதன்கிழமை பேச்சுக்கு முன்னால் அந்தத் தோல் கைமாறியது. நாள் பூராவும் லைனிங் தடவித் தைக்கிற விரல்கள் அவை. வெக்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கதவுக்கு வெளியே எனக்கே கேட்டது, ஒருத்தி கத்தினாள்: “அக்கா, இது பசை ஒட்டும்போது குப்ப மாட்டிக்கினா மாதிரி இருக்குதே! இங்க ஒண்ணு! இது ஓடுது, அது ஓட மாட்டேன்னுது!” இன்னொருத்தி, “உன் புருஷனத் தேடறதுல இவ்ளோ கெட்டிக்காரியா இருந்திருந்தா அவன் சாராயக் கடையில மாட்டியிருப்பான்டி” என்றாள். நர்ஸம்மாவே சிரித்துவிட்டார்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டார்கள். மாதம் ஒருமுறை, தீட்டு நின்ற சில நாளில், குளிக்கும்போது. தீட்டு நின்றே போனவர்கள் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியிலும் பார்க்க வேண்டும், குழி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தம் மாதிரிக் கசிவு. ஓடுகிறதோ ஓடவில்லையோ, புதிதாக எது தட்டுப்பட்டாலும் வந்து காட்ட வேண்டும். தன் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்தவளுக்குத்தான் மாறினது தெரியும் என்றார். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லச் சொன்னார். குழந்தைக்கு நன்றாகத் தாய்ப்பால் கொடுப்பதும், உடம்பு கனக்காமல் நடப்பதும், குடி புகையிலை பக்கம் போகாததும் ஆபத்தைக் குறைக்கும், ஆனால் வரவே வராது என்று யாரும் வாக்கு கொடுக்க முடியாது என்றார். என் மனைவி மூன்று பிள்ளைக்கும் பால் கொடுத்தவள், நடந்தே தேய்ந்தவள். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டினாளாம்.

அந்த மாதமே பசை போடுகிற பெண் ஒருத்தி, சாப்பாட்டு நேரத்தில் என் மனைவியின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் வேலூர் பஸ் ஏறினார்கள். வெறும் சாதாரணக் கட்டி. திரும்பி வந்தவள் எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். அவள் நாள் கூலியை நான் பிடிக்கவில்லை என்பதையும் இங்கே எழுதிக்கொள்கிறேன்.

அந்தத் தோலை நர்ஸம்மா கேட்டு வாங்கிப் போனார். குடியாத்தத்தில் தறிக்காரப் பெண்களிடம், வாணியம்பாடியில் வெளியே வராத பெண்களின் வீட்டுக்குள்ளே என்று, அது என்னைவிட ஜாஸ்தி ஊர் சுற்றியது. தேய்ந்ததும் இன்னொன்று தைத்தேன், பிறகு இன்னொன்று. இப்போது மார்பைப் படம் எடுக்கிற மெஷின் வந்துவிட்டது. வயது வந்ததும் டாக்டரைக் கேட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று என் பெண்களை நான் நச்சரித்து அனுப்புகிறேன். அவள் பட்டதால் அவர்கள் மற்றவர்களைவிட முன்னாலேயே போக வேண்டுமாம். போகிறார்கள்.

நர்ஸம்மா ஓய்வு பெற்ற விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசை. மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் முதல் தோல் இருந்தது. பட்டாணி இருந்த இடத்தில் ஆயிரம் விரல் பட்டுக் கறுத்துப்போயிருந்தது. கீழே அட்டையில், ‘செவிலியர் உருவாக்கிய பயிற்சி மாதிரி’ என்று எழுதியிருந்தது. பேசினவர்களும் அப்படியே பேசினார்கள். நர்ஸம்மா மைக்கைப் பிடித்து எங்கள் பக்கம் கையை நீட்டினார். அதற்குள் மாலையோடு நாலு பேர் மேடை ஏறிவிட்டார்கள். அவரைக் குறை சொல்லவில்லை. என் மனைவி பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள், என் முழங்கையைத் தட்டி, “வுடுங்க” என்றாள்.

விட மாட்டேன். ஆஸ்பத்திரிக்காரர்களை அந்த அட்டையில் என் பங்கை எழுதச் சொல்கிறேன், முழுப் பங்கையும். வாய் ஓயாமல் பேசி ஏழு வாரத்தைத் தின்றவன் நான்தான். அதை எழுதுங்கள், எனக்கு வெக்கமில்லை. அந்த வாய் சொன்ன விரல் பாடமும் என்னுடையது, அந்தத் தையலும் என்னுடையது. பட்டாணி எங்கே இருக்க வேண்டும் என்று காட்டியவள் என் மனைவி. அவளை முதலில் போடுங்கள், என்னை அடுத்ததாகப் போடுங்கள். பெயர்கூட வேண்டாம். ‘ஆம்பூரில் தோல் பார்க்கிற ஒருவரும் அவர் மனைவியும்’ என்றால் ஊருக்குத் தெரியும். அட்டையில் கீழே இடம் இருக்கிறது. விழா முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, மூன்று விரலைப் படுக்க வைத்து நான் அளந்து பார்த்தேன். இரண்டு வரி தாராளமாகப் பிடிக்கும்.